டல்லாஸா, ஹூஸ்டனா? பங்காளி ஊர்கள் இரண்டும் ஒரு குடும்பத்தின் முடிவும்

அக்கா மகள் போன வாரம் போன் செய்தாள். ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தில் அவளுக்கு ஆய்வு வேலை கிடைத்திருக்கிறது. அவள் கணவருக்கு டல்லாஸுக்கு வடக்கே பிளேனோவில் மென்பொருள் வேலை. இரண்டு ஊருக்கும் நடுவே 45-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஏறக்குறைய 385 கிலோமீட்டர். காரில் மூன்றரை மணி நேரத்துக்குக் குறையாது. "சித்தி, நீங்க ரெண்டு ஊர்லயும் இருந்திருக்கீங்க. எங்க வீடு வாங்கலாம், சொல்லுங்க" என்றாள்.

ஹூஸ்டனில் ஒன்பது வருடம், டல்லாஸ் பக்கம் ஏழு வருடம் இருந்திருக்கிறேன். ஆனாலும் போனிலேயே பதில் சொல்ல வரவில்லை. டெக்சாஸில் இந்தக் கேள்வியைக் கேட்பது, பங்காளி வீடுகள் இரண்டுக்கு நடுவே நின்று யார் வீட்டுக் கல்யாணம் பெரிசு என்று கேட்பது மாதிரி. டல்லாஸ்காரர் ஹூஸ்டனைப் புழுக்கமும் வெள்ளமும் பிடித்த ஊர் என்பார். ஹூஸ்டன்காரர் டல்லாஸை மினுக்கிக்கொண்டு திரியும் ஊர் என்பார். இரண்டு பக்கமும் கேட்டுக் கேட்டு எனக்கு ஒன்று புரிந்தது. அவர்கள் சொல்வதெல்லாம் பொய் இல்லை, ஆனால் ஏதோ ஒரு பத்தாண்டுக்கு மட்டும் பொருந்துகிற உண்மை. வீடு வாங்கிப் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தால் குறைந்தது பதினைந்து, இருபது வருடம் ஒரே ஊர்தான். அந்த இருபது வருடத்துக்குள் இந்த இரண்டு ஊர்களும் மேலே கீழே மாறிய வரலாறு பல முறை உண்டு. அதனால் இன்று யார் முன்னே நிற்கிறார்கள் என்பதை நான் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. எதை வைத்து ஜெயித்தார்கள், எதனால் விழுந்தார்கள், விழுந்த பிறகு எப்படி எழுந்தார்கள் என்று பார்க்கிறேன்.

1890-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கில் டெக்சாஸின் மிகப் பெரிய நகரம் டல்லாஸ். 38,067 பேர். ஹூஸ்டன் நான்காவது இடத்தில், 27,557 பேருடன். நாற்பது வருடம் கழித்து, 1930-இல், ஹூஸ்டன் 2,92,352 பேருடன் முதலிடம், டல்லாஸ் 2,60,475. அந்த முதலிடத்தை ஹூஸ்டன் நகரம் இன்று வரை விடவில்லை. நடுவில் என்ன நடந்தது?

ஒரு புயல் நடந்தது. கடலோரத்தில் இருந்த கால்வெஸ்டன்தான் அப்போது டெக்சாஸின் பெரிய துறைமுகம். 1900 செப்டம்பரில் அடித்த சூறாவளியில் அங்கே குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் அதைவிட அதிக உயிர் குடித்த இயற்கைப் பேரிடர் வேறு கிடையாது. நான்கு மாதம் கழித்து, 1901 ஜனவரியில், போமான்ட் அருகே ஸ்பிண்டில்டாப் மேட்டில் எண்ணெய் பீறிட்டது. கடலிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஹூஸ்டனுக்கு இரண்டு பக்கமும் வழி திறந்தது. எண்ணெய்க்குத் துறைமுகம் வேண்டும், அது புயலுக்குத் தப்பியும் இருக்க வேண்டும். ஆனால் ஹூஸ்டனில் இருந்தது பஃபலோ பேயூ என்ற சேற்று ஓடை. அதை ஆழப்படுத்தக் காசு கேட்டு ஊர் மக்கள் வாஷிங்டனுக்குப் போனார்கள். வெறும் கையோடு போகவில்லை. செலவில் பாதியை நாங்களே கொடுக்கிறோம் என்று சொன்னார்கள். அப்படி ஒரு ஊர் முன்வந்தது அதுவரை வழக்கத்தில் இல்லாத விஷயம். 1914-இல் கப்பல் கால்வாய் திறந்தது. கடல் இல்லாத ஊர் துறைமுகமானது.

டல்லாஸின் கதை இதைவிடத் துணிச்சலானது என்று நினைக்கிறேன். கடல் கிடையாது. கப்பல் போகிற ஆறு கிடையாது. காலடியில் எண்ணெயும் கிடையாது. 1872-இல் தெற்கிலிருந்து ரயில் வந்தது. கிழக்கு மேற்காகப் போகும் இன்னொரு பாதை டல்லாஸைத் தொடாமல் போகவிருந்தது. டல்லாஸ் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், அந்த ரயில் ப்ரௌடர் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்துக்கு அருகே போக வேண்டும் என்று மசோதாவில் ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த இடம் டல்லாஸை ஒட்டியே இருந்தது மற்றவர்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. இரண்டு பாதைகளும் குறுக்கே வெட்டிய இடத்தில் பருத்திச் சந்தை வந்தது, பருத்திக்குப் பின்னால் வங்கிகள் வந்தன. 1914-இல், ஹூஸ்டன் கால்வாய் திறந்த அதே வருடம், மத்திய ரிசர்வ் வங்கியின் பன்னிரண்டு கிளைத் தலைமையகங்களில் ஒன்று டல்லாஸுக்குக் கிடைத்தது. தனக்கே வரும் என்று நம்பியிருந்த நியூ ஆர்லியன்ஸ் கொதித்தது. 1930-இல் கிழக்கு டெக்சாஸில் பெரிய எண்ணெய் வயல் கிடைத்தபோது, பூமிக்கடியில் இருக்கும் எண்ணெயையே அடமானமாக வைத்து டல்லாஸ் வங்கிகள் கடன் கொடுத்தன. ஹூஸ்டன் எண்ணெயைச் சுத்திகரித்து ஏற்றுமதி செய்தது, டல்லாஸ் அதே எண்ணெயில் வட்டி பார்த்தது.

இந்த இரண்டு குணங்களும் இன்றும் மாறவில்லை. ஹூஸ்டன் கையால் செய்கிற ஊர்: சுத்திகரிப்பு ஆலை, கப்பல், அறுவை சிகிச்சை அறை, விண்வெளிக் கட்டுப்பாட்டு மையம். டல்லாஸ் கணக்கு எழுதுகிற, ஒப்பந்தம் போடுகிற, தலைமை அலுவலகம் நடத்துகிற ஊர். உங்கள் வேலை இதில் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள். பாதிக் கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிடும்.

மெக்சிகோவிடமிருந்து டெக்சாஸ் பெற்ற விடுதலையின் நூற்றாண்டு விழா 1936-இல் வந்தது. விடுதலைப் போரின் கடைசிச் சண்டை நடந்த சான் ஹசிண்டோ ஹூஸ்டனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. டல்லாஸ் என்ற ஊரே விடுதலைக்கு ஐந்து வருடம் கழித்துத்தான் தொடங்கியது. ஆனாலும் அதிகப் பணம் கட்டி விழாவை டல்லாஸ் வாங்கிக்கொண்டு போனது. ஹூஸ்டன் தன் பக்கம் சான் ஹசிண்டோ நினைவுத் தூணை எழுப்பியது. அது வாஷிங்டன் நினைவுத் தூணைவிடச் சில அடி உயரம்.

1961-இல் மனிதர்களை விண்ணுக்கு அனுப்பும் மையத்தை நாசா ஹூஸ்டனுக்குக் கொடுத்தது. அடுத்த வருடம் செப்டம்பரில் அதிபர் ஜான் கென்னடி அங்குள்ள ரைஸ் பல்கலைக்கழக மைதானத்தில் நின்று, இந்தப் பத்தாண்டுக்குள் நிலவுக்குப் போவோம் என்று பேசினார். பதினான்கு மாதம் கழித்து, 1963 நவம்பர் 22 அன்று, டல்லாஸ் தெருவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அமெரிக்கா முழுக்க டல்லாஸை வெறுப்பின் ஊர் என்று அழைத்தது. ஒரு ஊரின் பெயரே ஒரு துக்கத்தின் பெயராக மாறிப்போனால் அங்கே இருக்கிறவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். அந்தச் சமயத்தில் மேயரானவர் எரிக் ஜான்சன், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவர். ஊர் மக்களைக் கூட்டிவைத்து, இந்த ஊர் என்னவாக வேண்டும் என்று பேசவைத்தார். அதோடு பக்கத்து ஊரான ஃபோர்ட் வொர்த்துடன் இருந்த நெடுநாள் பகையை முடித்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு விமான நிலையம் கட்டும் வேலையில் இறங்கினார்.

அந்தப் பகை சாதாரணப் பகை இல்லை. ஃபோர்ட் வொர்த்தின் செய்தித்தாள் அதிபர் ஏமன் கார்ட்டர், டல்லாஸில் ஒரு காசுகூடச் செலவழிக்கக் கூடாது என்று அங்கே போகும்போது மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவார் என்று இன்றும் சொல்வார்கள். ஆளுக்கொரு விமான நிலையம் என்று இருந்தவர்களை, 1964-இல் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து வாரியம் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்று நெருக்கியது. 1974 ஜனவரியில் டல்லாஸ், ஃபோர்ட் வொர்த் இரண்டுக்கும் பொதுவான டிஎஃப்டபிள்யூ விமான நிலையம் திறந்தது. பரப்பளவில் மன்ஹாட்டன் தீவைவிடப் பெரியது. ஐந்து வருடத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தன் தலைமையகத்தையே நியூயார்க்கிலிருந்து அங்கே கொண்டுவந்தது. இன்று டல்லாஸ் பக்கம் வந்து இறங்கும் ஒவ்வொரு பெரிய நிறுவனத்துக்கும் பின்னால் இந்தச் சமாதானம் இருக்கிறது. டொயோட்டா 2017-இல் பிளேனோவுக்கு வந்தது. கேட்டர்பில்லர் 2022-இல் இர்விங்குக்கு வந்தது. ஹூஸ்டனை ஜெயிக்க டல்லாஸ் போட்ட திட்டங்களிலேயே பெரியது, வேறொரு பங்காளியோடு சமரசம் செய்துகொண்டதுதான்.

விழுந்த கதைக்கு வருகிறேன். வீடு வாங்குகிறவர் இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். 1986-இல் எண்ணெய் விலை பீப்பாய்க்குப் பத்து டாலர் பக்கம் சரிந்தது. 1982-க்கும் 1987-க்கும் இடையே ஹூஸ்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. தவணை கட்ட முடியாமல் வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுப் போன குடும்பங்களின் கதையை, அப்போதிருந்தே அங்கிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. டல்லாஸ் தப்பித்ததா? இல்லை. அந்த எண்ணெய்க்கும் கட்டடங்களுக்கும் கடன் கொடுத்த வங்கிகள் வரிசையாக விழுந்தன. டெக்சாஸின் பத்துப் பெரிய வங்கிகளில் ஒன்பது அந்தப் பத்தாண்டில் மூழ்கின அல்லது கைமாறின.

எழுந்தது எப்படி என்பதில்தான் வித்தியாசம். எண்ணெயை மட்டும் நம்பினால் ஆபத்து என்று பாடம் படித்த ஹூஸ்டன், 1945-இல் தொடங்கிய டெக்சாஸ் மெடிக்கல் சென்டரைப் பெரிதாக வளர்த்தது. உலகிலேயே பெரிய மருத்துவ வளாகம் இன்று அதுதான். டல்லாஸ் தன் வடக்குப் புறநகரான ரிச்சர்ட்சனில் தொலைத்தொடர்பு நிறுவனங்களை வளர்த்தது. 2001-இல் அந்தத் துறை சரிந்தபோது அங்கேயும் அடி விழுந்தது. பிறகு காப்பீடு, வங்கி, சரக்குப் போக்குவரத்து என்று பல கால்களில் நின்றுகொண்டது. வேலை போனால் அதே ஊரில் இன்னொரு வேலை கிடைக்கும் வாய்ப்பு டல்லாஸில் அதிகம் என்பது என் கணிப்பு. மென்பொருள்காரர்களுக்கு இது நிச்சயம் பொருந்தும்.

2020 கணக்கில் நகர எல்லையை மட்டும் பார்த்தால் ஹூஸ்டன் 23 லட்சம், டல்லாஸ் 13 லட்சம். சுற்றுவட்டாரத்தையும் சேர்த்தால் டல்லாஸ், ஃபோர்ட் வொர்த் பகுதி 76 லட்சம், ஹூஸ்டன் பகுதி 71 லட்சம். யார் பெரியவர் என்ற கேள்விக்கு இருவரும் தங்களுக்கு வசதியான எண்ணைக் காட்டுவார்கள். இப்போது இரண்டும் ஒன்றையொன்று முன்போல முறைத்துப் பார்ப்பதுகூட இல்லை. டல்லாஸின் பார்வை வால் ஸ்ட்ரீட் மேல் இருக்கிறது. டெக்சாஸுக்கென்று பங்குச் சந்தை அங்கே வருகிறது, சிகாகோவில் இருந்த நியூயார்க் பங்குச் சந்தையின் கிளை 2025-இல் டல்லாஸுக்கு மாறியது. ஹூஸ்டன் எண்ணெய் நிறுவனங்களைக் கலிஃபோர்னியாவிலிருந்தும் டல்லாஸிலிருந்துமே இழுக்கிறது. இர்விங்கில் இருந்த எக்ஸான்மொபில் தலைமையகம் ஹூஸ்டன் பக்கம் போய்விட்டது, செவ்ரானும் வருவதாக 2024-இல் அறிவித்தது. பழைய வேகத்தோடு போட்டியைப் பார்க்க வேண்டுமானால் பேஸ்பால் மைதானத்துக்குத்தான் போக வேண்டும். 2023-இல் அமெரிக்கன் லீக் இறுதித் தொடரில் டல்லாஸ் பக்கத்து ரேஞ்சர்ஸும் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸும் மோதிய ஏழு ஆட்டங்களிலும் வெளியூர் அணியே ஜெயித்தது. அந்த நாட்களில் எங்கள் வீட்டிலும் சமாதானம் இல்லை. பிள்ளைகளில் ஒருவன் ஹூஸ்டனில் பிறந்தவன்.

சரி, இனி வீடு. இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. ஹூஸ்டனுக்கு மேற்கே நாங்கள் வாங்கிய வீடு வெள்ள அபாயப் பகுதிக்கு வெளியே இருப்பதாக விற்றவர் சொன்னார். அரசு வரைபடமும் அப்படித்தான் சொன்னது. அதனால் வெள்ளக் காப்பீடு எடுக்கவில்லை. 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் வந்து நான்கு நாள் நின்றது. ஊரின் பல பகுதிகளில் 40 அங்குலத்துக்கு மேல் மழை. மேற்கே ஏடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத்தடுப்பு நீர்த்தேக்கங்கள் உண்டு. மற்ற நாட்களில் அவை காய்ந்து கிடக்கும் புல்வெளிகள். அவை நிரம்பியபோது தண்ணீர் பிடிக்கும் எல்லைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டியிருந்தது வெளிப்பட்டது. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். சாதாரண வீட்டுக் காப்பீடு வெள்ளச் சேதத்துக்குக் காசு தராது என்பதை அன்றுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன். நாங்கள் டல்லாஸ் பக்கம் வந்ததற்கு அதுவே காரணம். மகனின் முதல் வகுப்பு நோட்டுகள் தண்ணீரில் ஊறிக் கிடந்ததை இப்போது நினைத்தாலும் வயிறு கலங்குகிறது.

அதனால் ஹூஸ்டனே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஹூஸ்டனில் அடித்தளம் உயர்ந்த, 2001 அலிசன் புயலிலும் 2017-லும் நனையாத வீடுகள் நிறைய இருக்கின்றன, தேடத்தான் வேண்டும். நிலத்தை இன்ன வகையில்தான் பயன்படுத்த வேண்டும் என்ற நகர மண்டல விதி அந்த ஊரில் கிடையாது. 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்கள் வாக்களித்து வேண்டாம் என்றார்கள். அதனால்தான் அவ்வளவு பெரிய ஊரில் நடுத்தரக் குடும்பத்துக்கும் வீடு எட்டுகிறது. அதே தளர்வால்தான் தண்ணீர் போகிற வழியிலும் வீடு நிற்கிறது. அக்கா மகளிடம் நான் அழுத்திச் சொன்னது இதைத்தான்: முதல் வருடம் வாடகைக்கு இரு. பெரிய மழை வரும்போது பிடித்த தெருக்களை நேரில் போய்ப் பார். வரைபடம் என்ன சொன்னாலும் வெள்ளக் காப்பீடு எடு. வழக்கமாக எடுத்து முப்பது நாள் கழித்துத்தான் அது அமலுக்கு வரும், புயல் செய்தி வந்த பிறகு எடுத்துப் பயனில்லை.

டல்லாஸ் பக்கத்து ஆபத்து வேறு மாதிரி. ஆலங்கட்டி மழை கூரையை உடைக்கும், காப்பீட்டுத் தொகை வருடா வருடம் ஏறும். சுழற்காற்றும் உண்டு. 2019 அக்டோபரில் வடக்கு டல்லாஸையே கிழித்துக்கொண்டு போனது. 2021 பிப்ரவரியில் உறைபனியில் மாநில மின்கட்டமைப்பு தடுமாறியபோது இரண்டு ஊருமே இருட்டிலும் குளிரிலும் கிடந்தன. 2024 ஜூலையில் பெரில் புயலில் ஹூஸ்டன் பக்கம் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. வெயில் காலத்தில் நாள்கணக்கில் ஏசி இல்லாமல் வயதானவர்கள் பட்டபாடு கொஞ்சமில்லை. அம்மா அப்பாவை ஊரிலிருந்து ஆறு மாதத்துக்குக் கூப்பிட்டு வைத்துக்கொள்கிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

வரியில் பெரிய வித்தியாசம் இல்லை. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, அதற்கு ஈடாகச் சொத்து வரி கனமாக இருக்கும். ஹூஸ்டன் புறநகர்களில் தண்ணீர், கழிவுநீர் வசதிக்காகப் பயன்பாட்டு மாவட்ட வரி என்று தனியாக ஒன்று சேரும். விலையைப் பார்த்து மயங்குவதற்கு முன் மொத்த வரி விகிதத்தைக் கேட்டுவிடுங்கள். சென்னைக்குப் பயணம் என்றால் இரண்டு ஊரிலிருந்தும் துபாய், தோஹா வழி இருக்கிறது, சமம்தான். வெயிலும் சமம், ஆனால் ஹூஸ்டனின் புழுக்கம் சென்னையை நினைவுபடுத்தும்.

நம் ஆட்களுக்கு இரண்டு ஊரிலும் குறையில்லை. ஹூஸ்டனை ஒட்டிய பியர்லாண்டில் மீனாட்சி கோயில் 1980-களிலிருந்தே இருக்கிறது. கோபுரத்தைப் பார்த்ததும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதது எனக்கு மறக்காது. அங்கே பாரதி கலை மன்றம் பழைய அமைப்பு. டல்லாஸ் பக்கம் தமிழர் கூட்டம் புதியது, இளையது, வேகமாகப் பெருகுவது. இர்விங், ஃப்ரிஸ்கோ, பிளேனோவில் காய்கறிக் கடைக்குப் போனால் தமிழில் பேரம் காதில் விழும். கிராண்ட் ப்ரேரியில் கிரிக்கெட் மைதானமே இருக்கிறது. சென்னை சூப்பர் கிங்ஸும் பங்குதாரராக உள்ள டெக்சாஸ் சூப்பர் கிங்ஸ் மஞ்சள் சட்டையில் அங்கே ஆடுகிறது. பலவகை மனிதர்களோடு கலந்து வாழ்வது என்று பார்த்தால் எனக்கு ஹூஸ்டன்தான். இந்தியக் கடைகள் நிறைந்த மகாத்மா காந்தி வட்டாரத்தில் சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் ஓட்டினால் வியட்நாமியக் கடைகள், இன்னும் கொஞ்சம் போனால் நைஜீரியக் கடைகள்.

இருவரும் ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு வார இறுதியில் சந்திக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். இரண்டு ஊருக்கும் நடுவே அதிவேக ரயில் வரும் என்று பத்து வருடத்துக்கு மேலாகப் பேசுகிறார்கள், ஒரு தண்டவாளம்கூடப் போடவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அந்த 45-ஆம் எண் சாலையில், குழந்தை வந்த பிறகு? வேண்டாம் என்றேன்.

இரண்டு பேரும் மென்பொருள் வேலையில் இருந்திருந்தால் டல்லாஸ் என்று அப்போதே சொல்லியிருப்பேன். அவள் வேலை அப்படி இல்லை. டல்லாஸிலும் யூடி சவுத்வெஸ்டர்ன் என்ற அருமையான மருத்துவ ஆய்வு நிறுவனம் இருக்கிறது. கொலஸ்ட்ரால் ஆய்வுக்கு 1985-இல் நோபல் வாங்கிய பிரௌனும் கோல்ட்ஸ்டைனும் அங்கேதான். அங்கேயும் விண்ணப்பித்துப் பார்த்தாள். அவள் பிரிவில் இந்த வருடம் இடம் இல்லை. அவள் செய்வது நோய் எதிர்ப்பாற்றலை வைத்துப் புற்றுநோயைத் தாக்கும் ஆய்வு. அந்த வழியைத் திறந்ததற்காக 2018-இல் நோபல் வாங்கிய ஜேம்ஸ் அலிசன் இருந்த இடத்திலேயே அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. மென்பொருள் வேலையை ஹூஸ்டனின் எரிசக்தி நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் தேடிக்கொள்ளலாம், வீட்டிலிருந்தும் செய்யலாம். இப்படியொரு ஆய்வகத்தை வேறு ஊரில் தேடிப் பிடிக்க முடியாது. தண்ணீர் புகுந்த வீட்டைவிட்டு வந்த நானே ஹூஸ்டன் என்றுதான் சொன்னேன்.

மாப்பிள்ளை பிளேனோ நிறுவனத்திடம் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்டிருக்கிறார், பதில் இன்னும் வரவில்லை. வரும் சனிக்கிழமை மூவருமாகப் பியர்லாண்ட் பக்கம் வாடகை வீடு பார்க்கப் போகிறோம். எந்தெந்தத் தெருவில் 2017-இல் தண்ணீர் ஏறியது என்று அங்கே இருக்கும் பழைய சிநேகிதியிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.